பச்சைத் தட்டுகள் வாங்கப் போனது

தட்டு வாங்க நான் போகாத ஊர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. எழவு வீட்டுக்குத் தட்டு வாங்கப் போனது இதுதான் முதல் தடவை.

பீங்கான் தட்டு, கோப்பை, கிண்ணம் சேர்ப்பது என் பழக்கம். வெறும் வெள்ளை எனக்குப் பிடிக்காது, நிறம் வேண்டும். தஞ்சாவூரில் மகன் வீட்டில் எனக்கென்று ஒரு அறை, அந்த அறையில் கண்ணாடி போட்ட அலமாரி. மேல் அடுக்கில் நீலம், அதற்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே ரோஜா நிறம். இப்போது செய்கிற புதுப் பீங்கானும் இருக்கிறது. பேத்தி போனில் பார்த்து வரவழைத்தாள். பாசி பிடித்த குட்டைத் தண்ணீர் மாதிரி மங்கிய நிறம், தடவினால் சொரசொரப்பு. "இதுதான் அப்பாயி இப்ப அழகு" என்றாள். இருக்கட்டும் என்று கடைசி அடுக்கில் வைத்தேன். பழைய பீங்கானில் நிறம் விழித்துக்கொண்டிருக்கும், புதியதில் தூங்கி வழிகிறது. தூங்குகிறவர்களுக்கும் வீட்டில் இடம் கொடுக்கத்தானே வேண்டும்.

அலமாரியில் இருப்பதெல்லாம் காசு கொடுத்து வாங்கியது. சும்மா வந்தது ஒன்றுகூட இல்லை. என் அம்மா பண்ணைக்கு நடவு நட்டவள். பண்ணை வீட்டில் யாராவது செத்தால் பதினாறாம் நாள் அம்மாவைக் கொல்லைப்புறம் கூப்பிட்டு, செத்தவர் படுத்த பாய், உடுத்திய துணி, சாப்பிட்ட சட்டி எல்லாவற்றையும் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது. தலையில் வைத்துக்கொண்டு வருவாள். அந்தச் சட்டியில்தான் எங்களுக்குக் கஞ்சி. எனக்குக் கல்யாணமாகி, நானும் வீட்டுக்காரரும் பாடுபட்டுச் சொந்தமாக நிலம் வாங்கிய வருஷம் முடிவு செய்தேன், இனி எவர் வீட்டுக் கழிசலும் என் வாசல்படி ஏறாது என்று. இதுவரை ஏறவில்லை.

காமாட்சி அக்கா அப்படி ஒரு பண்ணை வீட்டு மருமகள்தான். எங்கள் ஊர் இல்லை, வெண்ணாற்றங்கரையில் வேறு ஊர். கும்பகோணத்தில் ஒரு பழைய சாமான் கடையில் பழக்கமானோம். மஞ்சள் பீங்கான் கெட்டில் ஒன்றின் கைப்பிடியை நான் பிடித்தேன், மூக்கை அவர் பிடித்தார். இரண்டு பேரும் விடவில்லை. கடைக்காரர், "அம்மாமாருங்களா, உடைஞ்சா ஆளுக்குப் பாதி காசு வச்சுட்டுத்தான் போகணும்" என்றார். கடைசியில் அக்கா நகத்தால் சுண்டிப் பார்த்தார். கிண் என்று வரவேண்டிய இடத்தில் டொக் என்றது. உள்ளே விரிசல். இருவரும் கையை எடுத்துவிட்டு வெளியே போய்க் காப்பி குடித்தோம். அதிலிருந்து எங்கே நல்ல பீங்கான் வந்தாலும் ஒருவருக்கொருவர் போன் செய்துகொள்வோம், தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு.

அவரிடம் ஐந்து பச்சைத் தட்டுகள் இருந்தன. வாழைக்குருத்தை வெயிலில் தூக்கிப் பிடித்தால் வருமே, அந்தப் பச்சை. விளிம்பில் மெல்லிய தங்கக் கோடு. நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் வந்தது என்று சொல்வார்கள். ஆறில் ஒன்று எப்போதோ காணாமல் போயிருந்தது. அதே சாதித் தட்டு ஒன்று தஞ்சாவூர்க் கடையில் எனக்குக் கிடைத்தது.

"அஞ்சு இருக்கறவகிட்ட ஒண்ணைக் குடுத்தா செட்டு சேரும் செல்லம்மா" என்பார்.

"ஒண்ணு இருக்கறவகிட்ட அஞ்சைக் குடுத்தாலும் சேரும்க்கா" என்பேன்.

வருஷக்கணக்காக இதே பேச்சு. ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, என் நீலத் தட்டில் மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டே அவரே சொன்னார்: "முன்னாடி போறவ தட்டு, பின்னாடி போறவளுக்கு. சரியா?" சரி என்று கையில் அடித்தேன். தானம் இல்லை இது, பந்தயம். இரண்டு பக்கமும் தோற்கிற பயம் ஒரே அளவு.

கார்த்திகையில் அவர் மகள் கல்பனா போன் செய்தாள். அழுதுகொண்டே, "சித்தி, அம்மா போயிட்டாங்க. பச்சைத் தட்டு உங்களுக்குன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. கருமாதிக்கு வந்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கருமாதிக்கு முதல் நாள் காலையிலேயே மழை. மூங்கில் கூடையில் வைக்கோல் பரப்பி, ஐந்து தட்டுக்கு நடுவே வைக்கப் பழைய புடவைக் கிழிசல்களையும் போட்டுக்கொண்டு மன்னார்குடி பஸ் ஏறினேன். கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்தார்.

"ஆயா, இதுக்கு லக்கேஜ் போடணும்."

"காலிக் கூடைக்கு என்ன லக்கேஜ்?"

"காலியா இருந்தா மடியில வச்சுக்குங்க. சீட்டுல உக்காந்தா அதுவும் ஒரு ஆளுதான்."

மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண், "முட்டை வாங்கப் போறீங்களா?" என்று கேட்டாள். தட்டு வாங்க என்றேன். "தட்டுக்கா இவ்வளவு மெத்தை? எங்க வீட்டுல மாமனாருக்கே இவ்வளவு வைக்கோல் போடலை" என்றாள். பஸ்ஸில் முன்னும் பின்னும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், வேறு நாளாக இருந்தால்.

வடுவூர் தாண்டி டயர் வெடித்தது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றது. சில வயல்களில் நுனிகூடத் தெரியவில்லை. வரப்பில் ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றார். வெட்டிவிட வழியில்லை, வடிவாய்க்காலும் நிரம்பித்தான் ஓடியது. தஞ்சாவூரில் மகன் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மழை அழகாக இருக்கிறது. இங்கே நின்று பார்த்தால் அது பயிரை முழுங்குகிறது. "இன்னும் ரெண்டு நாள் தண்ணி நின்னா அழுகிடும்" என்றார் அவர், என்னைப் பார்க்காமலே. ஆமாம் என்றேன். வேறு பஸ் வந்தது. நின்றுகொண்டே போனேன், கூடை தலையில்.

அன்று கூத்தாநல்லூரில் கதீஜாம்மா வீட்டில் தங்கினேன். அவரும் எங்களை மாதிரிப் பீங்கான் பைத்தியம்தான். பிள்ளைகள் எல்லாம் சிங்கப்பூரில். பெரிய வீட்டில் அவரும் சின்ன மருமகளும் மட்டும். கூடத்துச் சுவர் முழுக்க அலமாரி, அவர் மாமனார் கடல் தாண்டிச் சம்பாதிக்கச் சபுராளியாகப் போய் வந்த காலத்துச் சாமான்கள். பூப்போட்ட கோப்பைகளை மட்டும் பார்த்து முடிக்க ஒரு பகல் வேண்டும். அன்று எனக்கு எதையும் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

சாப்பிடும் நேரத்தில் கதீஜாம்மா தரையில் துணி விரித்து, நடுவில் ஒரு பெரிய நீலப் பூத்தட்டை வைத்தார். சஹன் என்பார்கள். விருந்தென்றால் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். நெய்ச்சோறு, கறி, தாளிச்சா. மருமகள் எனக்குத் தனியாக ஒரு தட்டு எடுக்கப் போனாள்.

கதீஜாம்மா தடுத்தார். "எதுக்குத் தனித் தட்டு? அக்கா என்ன பத்தியமா இருக்காங்க? உக்காருங்கக்கா. உங்க முன்னாடி இருக்கறது உங்க பங்கு. என் பக்கம் கை நீட்டக் கூடாது, எலும்பு இந்தப் பக்கம்தான் இருக்கு."

"எலும்பைக் கடிக்க உங்களுக்குப் பல்லு இருக்கா?" என்றேன்.

"பல்லு சிங்கப்பூர்லேருந்து வந்தது. புதுசு."

மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். சின்ன வயதில் அம்மாவோடு சாப்பிட்டதற்குப் பிறகு நான் இன்னொருவர் தட்டில் கை வைத்தது அன்றுதான். சோறு குறையக் குறைய நீலப் பூ ஒவ்வொன்றாக வெளியே வந்தது. என் விரலும் அவர் விரலும் நடுவில் ஒரு இடத்தில் இடித்துக்கொண்டன. அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

பிறகு தம்ரூட் கொடுத்தார், ரவையும் நெய்யும் போட்டுச் செய்கிற இனிப்பு. ரோஜா நிறக் கோப்பையில் தேத்தண்ணி. படுக்கும்போது ஒன்று சொன்னார்: "போனதும் தட்டுப் பேச்சை எடுக்காதீங்க. எழவு வீடு. சாமானுக்கு வந்தவன்னு ஒரு சொல்லு வந்துடக் கூடாது." எனக்குக் கோபம் வந்தது. "நானா கேட்டுப் போகலை. கூப்பிட்டாங்க, போறேன்" என்றேன்.

மறுநாள் மழை விட்டிருந்தது, வெயில் வரவில்லை. டவுன் பஸ் காமாட்சி அக்கா ஊர்ப் பாலத்தில் இறக்கிவிட்டது. ஆற்றில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆற்றங்கரைச் சடங்கு முடிந்து எல்லோரும் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். வாசலில் பந்தல், மேசை நாற்காலி போட்டுப் பந்தி நடந்தது. இரண்டு பெண்கள் கை கழுவிக்கொண்டே பேசியது காதில் விழுந்தது.

"மாமியா கருமாதியில பாயசம் தண்ணியா இருந்துச்சு. மருமக கருமாதியில பரவாயில்ல, கெட்டியா இருக்கு."

"மருமக பாவம், குடுத்து வச்சவ."

காமாட்சி அக்காவின் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தார்கள். நன்றாக இல்லாத போட்டோ. எதிலோ தோற்றுப்போனவர் மாதிரி இருந்தார். கும்பிட்டேன்.

அவர் மகன் சேகர் மொட்டைத் தலையோடு வந்தார். சென்னையில் பாங்கியில் வேலை. மரியாதையானவர்தான். "வாங்க வாங்க. இந்தப் பந்தியிலேயே உக்காந்துடுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். என் கையில் இருந்த கூடையைப் பார்த்தார். "ஓ, தட்டுக்கா? அதெல்லாம் கொல்லையில எடுத்து வச்சாச்சு. வாங்க, காட்டுறேன்."

கொல்லை என்றதும் என் கால் நின்றுவிட்டது. பிறகு போனேன்.

கிணற்றடியைத் தாண்டி முருங்கை மரத்தடியில் ஒரு குவியல். சுருட்டிய பாய், கறை படிந்த தலையணை, படுக்கையில் வைக்கிற பேசின், ஒரு மண்சட்டி. அவற்றுக்கு நடுவே ஐந்து பச்சைத் தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்று. மேல் தட்டில் மழைத் தண்ணீர் தேங்கி, முருங்கை இலை மிதந்தது. அடுத்த தட்டின் விளிம்பில் காய்ந்த கஞ்சி. கழுவக்கூட இல்லை.

கல்பனா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "சித்தி, நான் அலமாரியிலதான் வச்சிருந்தேன். அத்தைதான் காலையில..."

அத்தை என்றது சொர்ணம் அத்தையை, காமாட்சி அக்காவின் நாத்தனார். அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான் எடுத்து வைக்கச் சொன்னேன். கடைசியில அவ கஞ்சி குடிச்சதெல்லாம் இந்தத் தட்டுலதான். சாவுத் தீட்டுப் பட்ட மண்பாத்திரத்தை வீட்டுக்குள்ள வச்சுக்கறதா?"

"பீங்கான் மண்ணு இல்ல அத்தை. கண்ணாடி மாதிரி. கழுவுனா போதும்" என்றாள் கல்பனா.

"மண்ணைக் குழைச்சுச் சுட்டா அது பானை. மேல பச்சையைப் பூசிட்டா பானை இல்லேன்னு ஆயிடுமா? வெங்கலம்னா புளி போட்டுத் தேய்க்கலாம். இதை என்னா பண்றது?"

"அப்ப ஊறுகா ஜாடி? அதுவும் பீங்கான்தானே. அது மட்டும் உள்ள இருக்கு?"

"அதுல உப்பு இருக்குடி. உப்புக்கு ஏது தீட்டு?"

கல்பனா என் பக்கம் திரும்பி, "மாவடு இல்லாட்டி இவங்களுக்கு மோர்ச்சோறு இறங்காது. அதான் அதுக்குத் தீட்டு இல்ல" என்றாள் மெதுவாக. கண்ணில் தண்ணீரோடு.

சொர்ணம் அத்தை சொன்னதில் பொய் இல்லை. பீங்கான் மண்தான். என் அலமாரி நிறைய நான் அடுக்கியிருப்பதும் மண்தான்.

சேகர்தான் சமாதானமாகப் பேசினார். "எதுக்கு வாக்குவாதம்? பாய், தலையணை எல்லாம் ஆத்துக்குப் போகுது. தட்டை இவங்க எடுத்துக்கிட்டுப் போகட்டும். எப்படியும் வெளியில போக வேண்டியதுதானே. உங்களுக்குத்தான் இதெல்லாம் பரவாயில்லையே."

கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை. அவர் முகத்தில் கெட்டது எதுவும் இல்லை. வந்தவளுக்கு உதவி செய்கிற முகம். அதே முகத்தோடுதான் என் அம்மாவுக்கும் கொடுத்திருப்பார்கள்.

கூடையைக் கீழே வைத்தேன். மேல் தட்டை எடுத்துத் தண்ணீரைக் கொட்டினேன். நகத்தால் சுண்டினேன். கிண் என்றது. ஐந்தையும் சுண்டிப் பார்த்தேன். ஐந்தும் நல்ல தட்டுகள். விரிசல் ஒன்றில்கூட இல்லை. கிணற்றடிக்குக் கொண்டுபோய், தண்ணீர் இறைத்து, புடவைக் கிழிசலால் ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்தேன். ஒன்றை எடுத்துச் சேகரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

"தம்பி, உங்க அம்மா எனக்கு இதைக் குடுக்கறேன்னு சொன்னாங்க. வாங்கிக்கத்தான் வந்தேன். ஒண்ணு கேக்குறேன். இதுல ஒரு கை சோறு போட்டு நீங்க சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டுக் குடுங்க. எடுத்துக்கிட்டுப் போறேன்."

அவருக்குப் புரியவில்லை. சிரித்தார். "நீங்க கொண்டு போற தட்டுல நான் எதுக்குச் சாப்பிடணும்?"

"தீட்டுன்னா எனக்கும் தீட்டுதான். இல்லேன்னா உங்களுக்கும் இல்ல. ஒரு வாய் போதும்."

கல்பனாவுக்குப் புரிந்தது. விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள். சொர்ணம் அத்தை வாசலை விட்டு நகரவில்லை. "கருமாதி அன்னிக்குக் கழிச்ச தட்டுல கொள்ளி வச்ச புள்ளை சோறு தின்னா அந்த ஆத்மா என்னத்துக்கு ஆவும்? நல்லாருக்கே கேக்குறது!" என்றார். உள்ளே யாரோ, "யாரு அந்தம்மா?" என்றார்கள். கல்பனா வெறும் கையோடு திரும்பி வந்தாள்.

சேகர் தட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். பந்தலிலிருந்து யாரோ, "சேகரு, ரசம் ஊத்த ஆள் இல்ல, வாப்பா" என்று கூப்பிட்டார்கள். குனிந்து, இரண்டு கையாலும், சத்தம் வராமல், தட்டைப் பழையபடி அந்தப் பாயின்மேல் வைத்தார். உடைந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் வைத்தார். எனக்கு அது போதும், அவர் சாப்பிடமாட்டார் என்று தெரிந்துவிட்டது.

"அப்ப ஆத்துலயே விட்டுடுங்க" என்றேன்.

"சித்தி!" என்றாள் கல்பனா. "அம்மா ஆசையா..."

"உங்க அம்மா குடுத்திருந்தா வாங்கியிருப்பேன் கண்ணு. உடைக்காம விடச் சொல்லு. அது மட்டும்தான்."

வேறு யார் கையிலும் அவள் கொடுக்கவில்லை. ஐந்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு அவளே வந்தாள். வீட்டுக்குப் பின்னாலேயே படித்துறை. பாயையும் தலையணையையும் கொண்டுவந்த ஆள் அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனார். கல்பனா முழங்கால் தண்ணீரில் இறங்கி, கார்த்திகை விளக்கு விடுகிற மாதிரி, ஒவ்வொரு தட்டாக விட்டாள். தட்டு உடனே முழுகவில்லை. கொஞ்ச தூரம் மிதந்து போய், ஒரு பக்கம் தண்ணீர் ஏறி, சாய்ந்தது. கலங்கல் தண்ணீருக்குள் பச்சை கொஞ்ச நேரம் தெரிந்தது. நாலாவது மட்டும் கரையோரமே சுற்றிச் சுற்றி வந்தது. கை நீட்டினால் எட்டும். நான் கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஐந்தாவதும் போன பிறகு கல்பனா படியில் உட்கார்ந்துகொண்டாள். "சாப்பிடாம போகாதீங்க சித்தி" என்றாள்.

"இன்னொரு நாளைக்கு, உன் வீட்டுல" என்றேன். அவள் திருச்சியில் இருக்கிறாள். போவேனா என்று எனக்கே தெரியாது.

பஸ் வர நேரமாயிற்று. பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவர் பன்னும் டீயும் கொடுத்தார். காலையிலிருந்து சாப்பிடாததால் பன் நன்றாக இருந்தது. "எந்த வீட்டுக்கு வந்தீங்க?" என்றார். சொன்னேன். "அந்தம்மா நல்லவங்க. ஆனா சாமான்னா உசிரு. ஒரு தட்டைத் தொட விடமாட்டாங்க" என்றார். ஆமாம், அப்படித்தான் என்றேன். என் பச்சைத் தட்டையும் அவரைத் தொட விட்டதில்லை நான்.

கீழே ஆறு சுழித்துக்கொண்டு ஓடியது. தை மாதத்தில் மேட்டூர் அணையை அடைத்துவிடுவார்கள். மாசியில் இந்த ஆற்றில் மணல் தெரியும், ஆட்கள் குறுக்கே நடந்து போவார்கள். ஆற்று மணலில் கிடப்பதற்குச் சொந்தக்காரர் கிடையாது, கொடுக்கிற கையும் கிடையாது. யார் குனிந்து எடுக்கிறாரோ அவருடையது. முழங்கால் இடம் கொடுத்தால் வருவேன் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் வந்துவிட்டது.